நோ இல்லாத நெஞ்சுக்கு என்ன வைத்தியம்?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதயத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று கேட்டபோது, மாரடைப்பு வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லட்டுமா என்று எமது செயலாளரிடம் கேட்டேன். "அது எல்லாரும் சொல்லுகிறது. ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்கிறது? அதைச் சொல்லுங்கோ" என்றார். நல்ல கேள்வி. அதையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி முன்னொரு காலத்தில் மன்னாரில் எழுந்திருக்காது. நெஞ்சு நொந்தால்தான் வைத்தியசாலைக்குப் போவோம். இன்று அப்படியல்ல. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அம்மாவின் பிறந்தநாளுக்கு முழு உடற்பரிசோதனை ஒன்றுக்குப் பணம் கட்டிவிடுகிறது. கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறோம். உடற்பயிற்சி ஈசிஜி எடுக்கிறார்கள். அதில் சிறு மாற்றம். சி.ரி. ஸ்கான், அதில் சுருக்கம். பிறகு அஞ்சியோகிராம். அந்த மேசையில் படுத்திருக்கும்போதே, "70 சதவீத அடைப்பு இருக்கிறது, இப்போதே ஸ்ரென்ட் வைத்துவிடலாமா?" என்ற கேள்வி வருகிறது. காலையில் சுகதேகியாகப் போனவர் மாலையில் இதய நோயாளி. வெளியில் நிற்கும் மகனோ மகளோ பயத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு முன்பாகவே நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றைச் சொல்வதுதான் இந்த உரை.

முதலில், அந்தச் சுருக்கம் என்ன என்று பார்ப்போம். இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுருநாடிகளின் சுவருக்குள் கொழுப்பும் கல்சியமும் வேறு கலங்களும் பல ஆண்டுகளாகப் படிகின்றன. இதை நாம் கிணற்று மோட்டரின் குழாயில் உப்புப் படிவதைப் போல நினைக்கிறோம். அப்படியானால் அடைத்த இடத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட வேண்டும். ஆனால் படிவு குழாயின் உட்பரப்பில் ஒட்டியிருப்பதல்ல. அது சுவருக்கு உள்ளே, மெல்லிய தோல் மூடிய கட்டியைப் போல இருக்கிறது. மாரடைப்புப் பெரும்பாலும் வருவது அந்தத் தோல் திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறையும்போதுதான். வெடிக்கும் கட்டி, படத்தில் மிகப் பெரிதாகத் தெரிந்த கட்டியாக இருக்க வேண்டியதில்லை. 30, 40 சதவீதச் சுருக்கம் என்று யாரும் கவனிக்காமல் விட்ட இடத்திலும் வெடிக்கலாம்.

ஸ்ரென்ட் ஒரு இடத்தைத்தான் திறக்கும். நோயோ குழாய்கள் முழுவதிலும் பரவியிருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

ஸ்ரென்ட் வைத்தியத்தின் கதை சுவாரசியமானது. அன்ட்ரியாஸ் குருன்சிக் என்ற வைத்தியர் தமது வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தே சிறிய பலூன்களைச் செய்து பார்த்தவர். 1977 செப்ரெம்பர் 16ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், 38 வயதான ஒருவரின் இதயக் குழாயில் அந்தப் பலூனை ஊதி முதன்முதலாகச் சுருக்கத்தை விரித்தார். அந்த நோயாளிக்குக் கடும் நெஞ்சுநோ இருந்தது; அது நின்றது. ஆக, இந்தச் சிகிச்சை பிறந்ததே நோவைத் தீர்க்கத்தான். 1986இல் கம்பிவலைக் குழாயான ஸ்ரென்ட் வந்தது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைத்த குழாயைத் திறப்பது உயிரைக் காக்கிறது. அதில் இன்று எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த வெற்றியைப் பார்த்து, மாரடைப்பு வருவதற்கு முன்பே திறந்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று வைத்தியர்களும் நினைத்தார்கள், மக்களும் நினைத்தார்கள்.

அப்படி நினைப்பது சரியா என்று ஆராய்ந்து பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த கறேஜ் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் நிலையான இதய நோய் உள்ளவர்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல மருந்தும் ஸ்ரென்டும். மற்றப் பகுதியினருக்கு நல்ல மருந்து மட்டும். நாலரை ஆண்டளவில் பார்த்தபோது, மரணமோ மாரடைப்போ நேர்ந்தவர்கள் ஸ்ரென்ட் பக்கத்தில் 19 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த பக்கத்தில் 18.5 சதவீதம். வித்தியாசம் இல்லை.

"அவர்களுக்கு நோய் கடுமையாக இருந்திருக்காது" என்று சிலர் சொன்னார்கள். எனவே ஜூடித் ஹொக்மன் என்ற பெண் வைத்தியரின் தலைமையில், இன்னும் பெரிய இஸ்கீமியா ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வெளியானது. எமது அயல்நாடான இந்தியா உட்பட 37 நாடுகள், 320 நிலையங்கள், 5,179 நோயாளர்கள். எல்லாருக்கும் பரிசோதனையில் நடுத்தரமான அல்லது கடுமையான இரத்தக் குறைவு இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோருக்கு முந்திய ஒரு மாதத்தில் நெஞ்சுநோவே இருக்கவில்லை. சரியாக நமது செயலாளர் கேட்ட ஆட்கள். சிகிச்சைக் குழுவில் இறந்தவர்கள் 145 பேர். மருந்துக் குழுவில் 144 பேர். ஐந்து ஆண்டில் மரணம், மாரடைப்பு முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் 16.4 சதவீதமும் 18.2 சதவீதமும், அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவுதான். ஏழு ஆண்டுவரை பார்த்தபோது இதய நோயால் இறந்தவர்கள் சிகிச்சைக் குழுவில் சற்றுக் குறைவாகவும், வேறு காரணங்களால் இறந்தவர்கள் சற்றுக் கூடுதலாகவும் இருந்தார்கள். மொத்த மரணம் சமமாகவே நின்றது.

நோ இருந்தவர்களுக்கு மட்டும் தெளிவான நன்மை தெரிந்தது. தினமும் அல்லது வாராவாரம் நெஞ்சுநோ வந்தவர்களில், ஒரு வருடத்தின் பின் நோ முற்றாக நின்றவர்கள் சிகிச்சைக் குழுவில் 50 சதவீதம். மருந்துக் குழுவில் 20 சதவீதம். நோ இல்லாதவர்களுக்கு அந்த நன்மையும் கிடைக்கவில்லை. இல்லாத நோவை எப்படிக் குறைப்பது?

உலகம் அறிந்த ஒருவரின் கதையும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 2013 ஓகஸ்ற் மாதம், 67ஆவது வயதில், வழமையான வருடாந்தப் பரிசோதனைக்குப் போனார். சைக்கிள் ஓட்டத்தில் பெரும் ஈடுபாடு உள்ளவர். பரிசோதனையில் அடைப்புத் தெரிந்தது; அடுத்த நாளே டலஸ் நகரில் ஸ்ரென்ட் வைத்தார்கள். நோய்க்குறி இல்லாதவருக்கு இது தேவைதானா என்று அந்நாட்டு வைத்தியர்கள் சிலர் பகிரங்கமாகவே கேட்டார்கள். அடைப்பு மிகக் கடுமையாக இருந்தது என்று பின்னர் செய்திகள் வந்தன. அவருக்குச் செய்தது சரியா பிழையா என்று இங்கிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாட்டையே ஆண்டவருக்கும் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையில் யோசிக்கக் கிடைத்தது ஒரே ஒரு நாள்தான். எங்கள் அம்மாமாருக்குச் சில வேளை அதுவும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று நாம் சொல்வது எல்லா நேரமும் உண்மையல்ல. பெண்களுக்கு இதய வருத்தம் நெஞ்சின் நடுவில் கையைப் பொத்திப் பிடிக்கும் நோவாகத்தான் வரும் என்றில்லை. இளைப்பு, வழமைக்கு மாறான களைப்பு, தாடை நோ, முதுகு நோ, ஓங்காளம், நெஞ்சுக்கரிப்பு என்றும் வரலாம். சலரோகம் நீண்ட காலம் உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதடைவதால் நோ தெரியாமலே போகலாம். இன்னொன்று, எங்கள் தீவின் சுபாவம். மன்னார்த் தீவு தட்டை நிலம். ஏற ஒரு குன்று இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளிய கை இப்போது மோட்டர் ஆழியை அமர்த்துகிறது. கடைக்குப் போக ஓட்டோ. அப்படியிருக்க இதயத்துக்கு வேலை கொடுப்பது எது? வேலை கொடுக்காத இதயம் முறையிடாது.

ஆகவே உங்களை நீங்களே கேளுங்கள். சோளகம் வீசும் நாளில் எதிர்காற்றில் சைக்கிள் உழக்கினால் முன்பைவிட அதிகம் மூச்சு வாங்குகிறதா? மடுத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர் இந்த முறை வழியில் அதிக தரம் இருந்தாரா? சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத்தைச் சுமந்து திருக்கேதீச்சரம் போகிறவர் குடத்தை இறக்கி வைத்தாரா? போன வருடம் செய்ததை இந்த வருடம் செய்ய முடியவில்லை என்றால், அல்லது தெரியாமலே செய்யாமல் விட்டுவிட்டீர்கள் என்றால், உங்களுக்கு நோய்க்குறி இருக்கிறது. அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். "வயது போனால் அப்படித்தான்" என்று மூடிவைக்காதீர்கள். நோய்க்குறி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கணக்கு வேறு.

அடுத்தது, நோய்க்குறி இல்லாவிட்டாலும் குழாய்ச் சிகிச்சையையோ சத்திரசிகிச்சையையோ முக்கியமாக யோசிக்க வேண்டிய நிலைகள். இடது பக்கப் பிரதான குழாயின் தொடக்கத்திலேயே பெரிய சுருக்கம் இருந்தால், அந்த ஒரு குழாயில் இதயத்தின் பெரும்பகுதி தங்கியிருப்பதால், கதை வேறு. அப்படியானவர்களை இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவேயில்லை. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் அழுத்தும் வலு மிகக் குறைந்திருந்தால் அதுவும் வேறு. மூன்று குழாய்களிலும் நோய் இருந்து, சலரோகமும் இருந்தால், ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்ற கட்டத்தில் ஸ்ரென்டைவிட பைபாஸ் சத்திரசிகிச்சையே பொதுவாக நல்லது என்று 1,900 சலரோக நோயாளர்களைச் சேர்த்து 2012இல் வெளியான பிரீடம் ஆய்வு காட்டியது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், ஓய்வாக இருக்கும்போதே நோ வருகிறவர்களும் இன்றைய எமது கேள்விக்குள் வரமாட்டார்கள். அவர்கள் தாமதிக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லை, சுருக்கம் மட்டும் இருக்கிறது என்றால் என்ன சிகிச்சை? மருந்து. "ஒன்றும் செய்யாமல் மருந்தோடு அனுப்பிவிட்டார்கள்" என்று கிளினிக்கில் அடிக்கடி கேட்கிறேன். மருந்து ஒன்றும் செய்யாமை அல்ல. குழாய்கள் முழுவதையும் போய்ச் சேரும் சிகிச்சை அது ஒன்றுதான். 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்ரற்றின் மருந்தைக் கண்டெடுத்தார். 1994இல், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரை வைத்து ஸ்கண்டிநேவிய நாடுகளில் செய்த ஆய்வில், அந்த வகைக் குளிசை மரணத்தை 30 சதவீதத்தால் குறைத்தது. கொலஸ்திரோலைக் குறைப்பதோடு, நான் சொன்ன அந்தக் கட்டியின் தோலையும் அது உறுதியாக்குகிறது. இதய நோய் உறுதியானவர்களுக்குக் கெட்ட கொலஸ்திரோல் 70க்குக் கீழே, சிலருக்கு 55க்குக் கீழேகூட வர வேண்டும். அதனால்தான் "ரிப்போர்ட் நோர்மல்" என்று எழுதியிருந்தாலும் வைத்தியர் குளிசையைக் கூட்டுகிறார். பிரஷருக்கும் சலரோகத்துக்கும் உரிய மருந்துகளும், இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினும் ஆளுக்கேற்ப வரும்.

குளிசையோடு எங்கள் அடுப்படியும் சேர வேண்டும். உப்பளமும் கருவாடும் எங்கள் ஊரின் அடையாளம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்ட அளவு, என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சை மீன் தாராளமாகக் கிடைக்கும் கரையில் வாழும் நாம் கருவாட்டை நாள்தோறும் உண்ண வேண்டியதில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை: சுருட்டுப் பிடிக்கவில்லை என்பதால் புகையிலை உங்களை விட்டுவிடாது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவில், மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி, வருகிறது என்று அதில் தெரிந்தது. உலகெங்கும் மாரடைப்பு ஆபத்தின் 90 சதவீதத்துக்கு மேல், மாற்றக்கூடிய ஒன்பது காரணிகளாலேயே விளக்கக்கூடியதாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

இனி, முடிவை எப்படி எடுப்பது? ஒரு கற்பனை அக்காவை எடுத்துக்கொள்வோம். 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, பேசாலையில் இருக்கிறார். சலரோகம் உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. நடக்கிறார், தோட்டம் செய்கிறார், நோ இல்லை. ஒரு குழாயில் 75 சதவீதச் சுருக்கம். ரொறன்ரோவில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ அம்மா, செய்யுங்கோ" என்கிறார். அன்பில் சொல்கிறார், அதோடு தூரத்தில் இருப்பதன் பயமும் சேர்ந்திருக்கிறது. ஏதாவது நடந்துவிட்டால், செய்யாமல் விட்டோமே என்று வருந்த வேண்டி வரும் என்ற பயம்.

இந்த அக்கா வைத்தியரிடம் ஐந்து கேள்வி கேட்கலாம். இந்தச் சுருக்கம் எந்தக் குழாயில், எந்த இடத்தில்? என் இதயத்தின் வலு எப்படி இருக்கிறது? ஸ்ரென்ட் வைத்தால் நான் கூடுதலாக வாழ்வேனா, அல்லது சுகமாக வாழ்வேனா, அல்லது படம் மட்டும் அழகாகுமா? மருந்தோடு மூன்று மாதம் இருந்து பார்த்தால் என்ன நட்டம்? இது உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

ஸ்ரென்டின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். வைத்த பிறகு இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு வகைக் குளிசைகளைப் பல மாதம் ஒரு நாளும் தவறாமல் எடுக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்ரென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அந்தக் காலத்தில் இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், பல் பிடுங்கவேண்டி வந்தால்கூட, யோசித்துத்தான் செய்ய வேண்டும். குழாய்ப் பரிசோதனைக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சலரோகக்காரருக்கு இது முக்கியம். ஆபத்து பெரிதல்ல, ஆனால் இல்லாமலும் இல்லை. ஸ்ரென்ட் வைத்தாலும் மற்றக் குளிசைகள் ஒன்றும் குறையாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எங்கள் அக்கா மருந்தோடு இருக்க முடிவு செய்தால், அது கஞ்சத்தனமோ பயமோ அல்ல, ஆதாரமுள்ள முடிவு. இஸ்கீமியா ஆய்வில் மருந்துக் குழுவில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் நாலு ஆண்டுக்குள் பிறகு சிகிச்சை செய்துகொண்டார்கள். கதவு மூடப்படவில்லை, தேவை வந்தபோது போனார்கள். மாறாக, எல்லாம் விளங்கிய பின்பும் "இந்த யோசனையோடு எனக்கு நித்திரை வராது, வைத்தியரும் பொருத்தம் என்கிறார், செய்துகொள்கிறேன்" என்று இன்னொரு அக்கா சொன்னால், அதுவும் அவருடைய முடிவு. அவரை யாரும் குறைசொல்லக் கூடாது. நான் வேண்டாமென்பது ஒன்றைத்தான்: அவர் பயத்தில் படுத்திருக்கும்போது, விளக்கம் இல்லாமல், அவருக்காக வேறு ஆட்கள் அவசரத்தில் எடுக்கும் முடிவு. காணியை ஈடுவைக்க முன், தாலிக்கொடியை அடகுவைக்க முன், ரிப்போர்ட்டையும் படம் பதிந்த தட்டையும் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இதய வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் எங்களுக்கு முன்னைப்போல் தூரமும் இல்லை. நோய்க்குறி இல்லாத நிலையான சுருக்கத்துக்குச் சில வாரம் யோசிப்பதால் பொதுவாக ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த வாரங்களிலும் மருந்தை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

மருந்து வழியைத் தெரிந்தவருக்கு ஒரு கடமை உண்டு. நிலைமை மாறினால் உடனே அசைய வேண்டும். நெஞ்சு இறுக்கம், இளைப்பு, குளிர் வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் நின்றால் இஞ்சிக் கோப்பி குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். தலைமன்னாரில் இருந்தாலும் முருங்கனில் இருந்தாலும் முதலில் போகவேண்டியது கிட்டிய வைத்தியசாலைக்கு. ஈசிஜி எடுத்து, தேவையானால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கே போட்ட பிறகுதான் யாழ்ப்பாணமோ கொழும்போ. வாகனம் பிடித்து நேரே கொழும்புக்கு ஓடுவதில் போகும் மணித்தியாலங்களில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது அங்கத்தவர்கள் தமது கிளினிக் புத்தகத்தையும் கொண்டுவரட்டும். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்குவது எமக்குப் பெரிய காரியமல்ல. எங்கள் அங்கத்தவர்களில் தாதியர் இருக்கிறார்கள், மருந்தாளர் இருக்கிறார்கள். யார் குளிசையை இடையில் நிறுத்திவிட்டார், யாருக்கு வைத்தியர் சொன்னது விளங்கவில்லை என்று ஒருவரையொருவர் விசாரிக்கலாம். யாராவது பெரிய முடிவு ஒன்றை எடுக்கவேண்டி வந்தால், அவரோடு ஒருவர் வைத்தியரிடம் கூடப் போகலாம். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். கேள்வி கேட்கப் பயப்படாதே என்று எங்களுக்குப் படிப்பித்ததே இந்தப் பாடசாலைதானே.